அரசு வாங்கிப் பூட்டிவைத்த கருக்கலைப்பு மாத்திரை யாருக்கு உதவும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதால். நீங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவில் வசிக்கிறீர்கள். சென்ற வருடம் ஒன்பதாவது வாரத்தில் கருவின் இதயத்துடிப்பு நின்றுபோனது. மருத்துவர் கொடுத்த மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் எடுத்துக்கொண்டீர்கள், வீட்டிலேயே முடிந்தது. இப்போது கணவருக்கு, கருக்கலைப்புக்குத் தடை உள்ள டெக்சாஸில் பிளேனோவுக்கு மாற்றல், மறுபடி குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள். "வாஷிங்டன், கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்கள் இந்த மாத்திரையை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருக்கின்றன, பாதுகாப்புச் சட்டமும் போட்டிருக்கின்றன என்கிறார்கள். இதெல்லாம் வேலை செய்யுமா, அரசியல் நாடகமா? டெக்சாஸ் போன பிறகு எனக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?" என்று கேட்கிறீர்கள்.

வேலை செய்யும், ஆனால் எந்த ஆபத்தை மனதில் வைத்துச் செய்தார்களோ அதற்கு மட்டும். உங்களுக்கு நேரடிப் பயன் மிகக் குறைவு. நான் வழக்கறிஞர் இல்லை. மதுரையில் பி.ஃபார்ம் முடித்து, இங்கே வந்து மறுபடி தேர்வெழுதி, பதினாறு வருடமாக வாஷிங்டன் மாநிலத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்து, உரிமம், லேபிள் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். நீதிமன்றம் நாளை என்ன செய்யும் என்பதில் என் ஊகத்துக்கு உங்கள் ஊகத்தைவிட அதிக மதிப்பு கிடையாது.

முதலில் இரண்டு மாத்திரைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும், பாதிக் குழப்பம் அங்கேதான். மிஃபெப்ரிஸ்டோன் கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோனைத் தடுக்கிறது. மிசோப்ரோஸ்டால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. மிஃபெப்ரிஸ்டோனுக்கு, மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ 2000 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. 2016 முதல் பத்து வாரம் வரை அனுமதி, ஒரு டோஸ் என்பது 200 மில்லிகிராம், அதாவது ஒரே மாத்திரை. ஆனால் அதைச் சுற்றித் தனி வேலி உண்டு. எழுதித்தரும் மருத்துவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், கொடுக்கும் மருந்தகம் தனிச் சான்று பெற வேண்டும், எடுப்பவர் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மருந்துச்சீட்டு வந்த நாளிலிருந்து நான்கு நாட்களுக்குள் மாத்திரை அவர் கையில் சேராது என்றால் மருத்துவரைக் கூப்பிட்டு, இன்னும் கொடுக்கலாமா என்று கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். மிசோப்ரோஸ்டாலுக்கு இதெல்லாம் எதுவுமில்லை. அது 1988-இல் வயிற்றுப்புண்ணுக்கு ஒப்புதல் பெற்ற மருந்து. எல்லா மருந்தகத்திலும் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தவும் அதே மாத்திரைதான், ஊரில் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்த "மூட்டை" கதை. 2022 ஜூன் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய ரோ தீர்ப்பை ரத்து செய்து கருக்கலைப்பை மாநிலங்களின் கையில் விட்டது. அடுத்த தாக்குதல் மாத்திரை மேல்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எஃப்.டி.ஏ கொடுத்த ஒப்புதலே செல்லாது என்று டெக்சாஸின் அமரிலோ நகரில் வழக்குப் போட்டிருந்தார்கள். தீர்ப்புக்குக் காத்திராமல் எங்கள் மாநிலம் 2023 மார்ச்சில் 30,000 டோஸ் வாங்கிவிட்டது. விலை சுமார் 12.75 லட்சம் டாலர், டோஸுக்கு 42 டாலர் 50 சென்ட். வாங்கியது எந்தத் துறை தெரியுமா? சிறைத்துறை! மொத்தமாக மருந்து வாங்கும் மருந்தக உரிமம் அவர்களிடம் இருந்தது, கைதிகளுக்கு மருந்து கொடுப்பதற்காக. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். அன்றைய ஆளுநர் ஜே இன்ஸ்லீ ஏப்ரல் 4 அன்று இதை அறிவித்தார். வாங்கியாயிற்று, ஆனால் சிறைத்துறை வெளியே மருந்து விற்க முடியாதே? அதற்குச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டது. வாங்கின விலைக்கு மேல் டோஸுக்கு ஐந்து டாலர் சேர்த்து மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் விற்கலாம் என்று. வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு இன்னும் 10,000 டோஸ் வாங்கியது. ஒரு டோஸ் ஒரு மாத்திரை என்பதால் மூட்டையெல்லாம் இல்லை, இவ்வளவும் ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடும்.

அந்த வாரம் மறக்காது. ஏப்ரல் 7, புனித வெள்ளி, நான் பணியில் இருந்தேன். அமரிலோவில் நீதிபதி மேத்யூ கக்ஸ்மாரிக் ஒப்புதலை நிறுத்திவைத்தார், மேல்முறையீட்டுக்காக ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கள் மாநிலத்தின் ஸ்போகேனில் நீதிபதி தாமஸ் ரைஸ் நேரெதிராக, வழக்குப் போட்ட 17 மாநிலங்களிலும் தலைநகரிலும் இந்த மாத்திரை கிடைப்பதில் எஃப்.டி.ஏ கை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். ஒரே மருந்து, ஒரே நாள், இரண்டு கூட்டாட்சி நீதிபதிகள். தொலைபேசி ஓயவில்லை. "இன்றைக்கு உண்டு, அடுத்த வெள்ளியைப் பற்றி எனக்கே தெரியாதம்மா" என்பதுதான் நான் அன்று எல்லோருக்கும் சொன்ன பதில். ரைஸ் உத்தரவில் இருந்த 17 மாநிலங்களும் தாங்களே வழக்குப் போட்டவை, மாநில அரசு செய்த வேலைகளில் அது முக்கியமானது. கலிஃபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் அந்த வழக்கில் இல்லை.

அவர்கள் வாங்கிக் குவிப்பதில் இறங்கினார்கள். மாசசூசெட்ஸ் தன் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகம் வழியாக 15,000 டோஸ் மிஃபெப்ரிஸ்டோன் வாங்கியது. வழக்கில் இருந்த ஓரிகனும் 22,500 டோஸ் வாங்கியது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் வேறு கணக்குப் போட்டன. வம்பில் மாட்டியிருக்கும் மருந்தை விட்டுவிட்டு மிசோப்ரோஸ்டாலைப் பிடித்தன. கலிஃபோர்னியா இருபது லட்சம் மாத்திரை வரை வாங்க ஏற்பாடு செய்தது, நியூயார்க் 1,50,000 டோஸ் என்று அறிவித்தது. மருந்தாளுநராக எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. மிஃபெப்ரிஸ்டோன் கிடைக்காத இடங்களில் மிசோப்ரோஸ்டாலை மட்டும் வைத்துச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வலியும் குளிர்நடுக்கமும் கூடுதல், பலன் கொஞ்சம் குறைவு, ஆனால் வழி அடைபடாது. வயிற்றுப்புண் மருந்தின் ஒப்புதலை ரத்து செய்ய யாரும் வழக்குப் போடவில்லை.

ஏப்ரல் 21 அன்று உச்ச நீதிமன்றம் அமரிலோ உத்தரவை நிறுத்திவைத்தது. 2024 ஜூன் 13-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், வழக்குப் போட்ட மருத்துவர்களுக்கு வழக்குப் போடும் தகுதியே இல்லை என்று சொல்லி முடித்தார்கள். கவனியுங்கள், மருந்து பாதுகாப்பானது என்றோ ஒப்புதல் சரி என்றோ அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது. மிசௌரி, கான்சஸ், ஐடஹோ மாநிலங்கள் அதே வழக்கைத் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டு நுழைந்துவிட்டன. ஆகவே "தடை வரவில்லையே, வாங்கினது வீண்தானே?" என்று கேட்பவர்களுடன் நான் முழுக்க உடன்படவில்லை, முழுக்க மறுக்கவும் மாட்டேன். மருந்துக்குக் காலாவதி தேதி உண்டு, அரசாங்க மருந்துக்கும் உண்டு. ஒப்புதல் போய்விட்டால் ஏற்கெனவே வாங்கி வைத்ததைக் கொடுக்கலாமா என்பதும் சட்டத்தில் தீர்வு காணாத விஷயம். மத்திய அரசு கண்டுகொள்ளாமல் விட்டால் நடக்கும், பிடிவாதமாக நின்றால் என் உரிமம் போகும்.

இரண்டாவது வகைப் பாதுகாப்பு, வெளிமாநில வழக்குகளிலிருந்து மருத்துவரைக் காக்கும் கவசச் சட்டம். நாடகமா என்று கேட்டீர்களே, இது நாடகம் இல்லை என்பதற்கு ரத்தமும் சதையுமாகச் சாட்சி இருக்கிறது. மாசசூசெட்ஸ் 2022 ஜூலையில் தொடங்கி வைத்தது, பிறகு வாஷிங்டன், நியூயார்க், கலிஃபோர்னியா, கொலராடோ, வெர்மான்ட், மெய்ன், ரோட் ஐலண்ட் என்று, மாசசூசெட்ஸையும் சேர்த்து எட்டு மாநிலங்கள் இதில் ஒரு படி மேலே போயின. நோயாளி எந்த மாநிலத்தில் இருந்தாலும், மருத்துவர் இங்கே உட்கார்ந்து தொலைமருத்துவம் வழியாக எழுதிக்கொடுத்தால் அது இங்கே நடந்த சிகிச்சை என்றே கணக்கு. வேறு மாநிலத்துச் சம்மனுக்கு எங்கள் நீதிமன்றம் ஒத்துழைக்காது, காவல்துறை தகவல் கொடுக்காது, உரிமத்தில் கை வைக்க மாட்டார்கள், ஆளுநர் ஆளைப் பிடித்து ஒப்படைக்க மாட்டார்.

இதற்குச் சோதனை வந்தது, அதுவும் நீங்கள் போகப்போகிற ஊரிலிருந்தே. பிளேனோ இருக்கும் காலின் கவுண்டியில் ஒரு பெண்ணுக்கு நியூயார்க் மருத்துவர் ஒருவர் மாத்திரை அனுப்பினார் என்று டெக்சாஸ் அரசின் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் 2024 டிசம்பரில் சிவில் வழக்குப் போட்டார். மருத்துவர் ஆஜராகவில்லை. 2025 பிப்ரவரியில் அந்தக் கவுண்டி நீதிமன்றம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. அதை வசூலிக்க நியூயார்க்கின் அல்ஸ்டர் கவுண்டி அலுவலகத்துக்குத் தாள்களை அனுப்பினார்கள். கவசச் சட்டத்தைக் காட்டி அந்த அலுவலர் பதிவு செய்யவே மறுத்துவிட்டார். அதே மருத்துவர் மேல் லூயிசியானா கிரிமினல் குற்றச்சாட்டும் பதிவு செய்து ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டது, ஆளுநர் கேத்தி ஹோக்குல் முடியாது என்றார். இதற்கு ஒரு சட்ட அடிப்படை உண்டு. ஒரு மாநிலத்தில் குற்றம் செய்து தப்பி ஓடியவரைத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் பேசுகிறது. அந்த மாநிலத்தில் கால் வைக்காமல், தன் மேசையிலிருந்தே மருந்துச்சீட்டு எழுதியவர் எங்கிருந்து தப்பி ஓடினார்? அபராதத் தீர்ப்பு விஷயம் இதைவிட வழுக்கலானது. ஒரு மாநிலத்தின் சிவில் தீர்ப்பை இன்னொரு மாநிலம் மதிக்க வேண்டும் என்பது பொது விதி. இது தண்டனைத் தன்மை கொண்டது, அதனால் விதிவிலக்கு என்று நியூயார்க் தரப்பில் வாதிடலாம். எந்தப் பக்கம் சாயும் என்று வழக்கறிஞர்களே ஒத்துப்போவதில்லை.

லூயிசியானா அந்த மருத்துவரைக் கண்டுபிடித்ததே மருந்து லேபிளில் இருந்த பெயரைப் பிடித்துத்தான். அதனால் 2025 பிப்ரவரியில் நியூயார்க், மருத்துவர் பெயருக்குப் பதில் கிளினிக் பெயரைப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. நாங்கள் 2024-லேயே செய்துவிட்டோம். கலிஃபோர்னியா அதே 2025 செப்டம்பரில் இன்னும் மேலே போய், நோயாளி பெயர், மருந்தகப் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றது. லேபிள் ஒட்டியே வாழ்க்கை ஓட்டுகிறவள் என்ற முறையில் இது எனக்கு உறுத்தல்தான். யாருக்கு, என்ன, யார் கொடுத்தது என்ற மூன்றும் இல்லாத பாட்டிலை அவசர சிகிச்சைப் பிரிவில் நீட்டினால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? ஆனாலும் எங்கள் கிளினிக் பெயரைத்தான் போடுகிறேன், காரணம் புரிவதால்.

கவசம் எல்லையோடு நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், இப்படி வெளிமாநில நோயாளிகளைப் பார்க்கிறார். அம்மாவைப் பார்க்கச் சென்னை போகும்போது டாலஸ் வழியாக எவ்வளவு மலிவாக டிக்கெட் கிடைத்தாலும் எடுக்க மாட்டார். சியாட்டிலிலிருந்து துபாய், அங்கிருந்து சென்னை. "மூணு மணி நேர லேஓவருக்காக என் லைசென்ஸைப் பணயம் வைக்க முடியாது" என்பார். லைசென்ஸ் மட்டுமல்ல என்பது அவருக்கும் தெரியும்.

இனி மூன்றாவது ஆபத்து, என் கணிப்பில் பெரியது இதுதான். ஒப்புதலை ரத்து செய்வதைவிட மிக எளிதான வழி ஒன்று இருக்கிறது. மாத்திரையை நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். கோவிட் காலத்தில் 2021 ஏப்ரலில் அதை நிறுத்திவைத்தார்கள், 2023 ஜனவரியில் விதிமுறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதன்பின் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கருக்கலைப்புப் புள்ளிவிவரம் திரட்டும் குட்மாக்கர் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்புகளில் 63 சதவீதம் மாத்திரையால் நடந்தவை. 2024 முடியும்போது மொத்தக் கருக்கலைப்பில் நான்கில் ஒன்று தொலைமருத்துவம் வழியாக. இந்த விதி திரும்பினால் வழி அடைபடுவது டெக்சாஸ் பெண்ணுக்கு மட்டுமல்ல. எங்கள் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், கிளினிக்குக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய பெண்ணுக்கும் அடைபடும், இங்கே சட்டப்படி எல்லாம் அனுமதி என்றாலும்.

இங்கேதான் முதலில் சொன்னதைப் பொருத்திப் பாருங்கள். கையிருப்பு வாங்கியது மருந்தே கிடைக்காமல் போகும் ஆபத்துக்கு. கவசச் சட்டம் போட்டது பக்கத்து மாநிலத்தின் கை நீளும் ஆபத்துக்கு. மத்திய அரசின் விதி மாறினால் இரண்டுமே பெரிதாக உதவாது. அறை நிறைய மாத்திரை இருக்கும், தபாலில் அனுப்ப முடியாது. கவசம் டெக்சாஸிடமிருந்து காக்கும், எஃப்.டி.ஏ-விடமிருந்து காக்காது. தபாலில் கருக்கலைப்புப் பொருள் அனுப்பக் கூடாது என்ற 1873-ஆம் வருடத்துக் காம்ஸ்டாக் சட்டம் வேறு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. சட்டப்பூர்வப் பயன்பாட்டுக்கு அனுப்பினால் அது பொருந்தாது என்று 2022 டிசம்பரில் மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் ஒரு கருத்துரை எழுதியது, ஆனால் ஒரு அரசு எழுதிய கருத்துரையை அடுத்த அரசு திருத்தலாம். இந்த முனையில் மாநிலங்கள் செய்யக்கூடியது வழக்கும் மனுவும்தான். 2025 ஜூனில் மாசசூசெட்ஸ், நியூயார்க், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி சேர்ந்து அந்தத் தனி வேலியையே எடுத்துவிடுங்கள் என்று எஃப்.டி.ஏ-விடம் மனுக் கொடுத்தன. அதே செப்டம்பரில் மத்திய சுகாதாரத் துறை மாத்திரையின் பாதுகாப்பை மறுஆய்வு செய்வதாக எதிர்த்தரப்பு மாநிலங்களுக்கு எழுதியது. இந்த நிலவரம் மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நீங்கள் படிக்கும் வாரத்தின் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். உங்களுக்குச் சென்ற வருடம் நடந்தது கருச்சிதைவுக்கான சிகிச்சை. டெக்சாஸ் சட்டத்தின் வரையறையில் அது கருக்கலைப்பே இல்லை, ஏற்கெனவே இறந்த கருவை வெளியேற்றுவதை அது தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவர் என்ன செய்யலாம் என்பதையும் 2025-இல் ஒரு திருத்தத்தால் கொஞ்சம் தெளிவாக்கினார்கள். இது காகிதத்தில். நடைமுறையில், இதே இரண்டு மாத்திரைகள் என்பதால் மருத்துவரும் மருந்தகமும் தயங்குவது உண்டு. லூயிசியானா 2024 அக்டோபர் முதல் இரண்டையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் பிரசவ ரத்தப்போக்குக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மிசோப்ரோஸ்டாலை மருத்துவமனைகள் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. டெக்சாஸில் 2025 டிசம்பர் 4 முதல் அமலில் உள்ள புதிய சட்டம், மாத்திரை தயாரிப்பவர், அனுப்புபவர், எழுதித்தருபவர் மேல் தனிநபரும் குறைந்தது ஒரு லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறது. மாத்திரை எடுத்துக்கொண்ட பெண் மேல் போட முடியாது. அவர்களின் கருக்கலைப்புத் தடைச் சட்டங்களும் அந்தப் பெண்ணைத் தண்டிப்பதில்லை. ஆனாலும் 2022 ஏப்ரலில் டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் ஒரு பெண்ணைக் கொலைக் குற்றம் சாட்டிக் கைது செய்து, சில நாளில் சட்டத்தில் இடமில்லை என்று விட்டார்கள். சட்டத்தில் இடமில்லாததும் காவல் நிலையத்தில் இரவைக் கழிக்க நேராததும் வேறு வேறு.

எங்கள் மாநிலத்தின் பாதுகாப்பு எதுவும் உங்களோடு பெட்டி கட்டிக்கொண்டு பிளேனோவுக்கு வராது. திரும்பி இங்கே வந்து சிகிச்சை எடுத்தால் கவசத்துக்குள் வருவீர்கள், அவ்வளவுதான். "ஊரிலிருந்து வரும்போது அம்மாவிடம் சொல்லி ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்துவிடட்டுமா?" என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும் அந்த அட்டைக்கு எஃப்.டி.ஏ ஒப்புதல் கிடையாது, கொண்டுவரச் சட்டப்படி வழியும் இல்லை. விசாவில் இருப்பவர் சுங்கச் சோதனையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய பொருள் அல்ல அது.

கிளம்புவதற்கு முன் சென்ற வருட சிகிச்சைக் குறிப்பு முழுவதையும், இதயத்துடிப்பு இல்லை என்று எழுதிய ஸ்கேன் அறிக்கையோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். "ஒன்பதாவது வாரத்தில் துடிப்பு நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரத்தில் செய்வீர்கள், எந்த மருத்துவமனையில்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலில் "பார்க்கலாம்", "மருத்துவமனையின் சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்தால் அடுத்த மருத்துவரைத் தேடுங்கள். டாலஸ் பக்கம் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை, நேராகப் பதில் சொல்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.